சிதைவும் ஆக்கமும்: கலப்புறத் தாயத்தில் நொதியங்களின் தொழிற்பாடு

உடலின் கட்டமைப்பு நிலையானது, அதனைச் சிதைப்பன யாவும் நோயின்பாற்பட்டன என்பது பலரிடையே வேரூன்றிய எண்ணமாகும். கலங்களுக்கு வெளியேயுள்ள தாயத்தையும், அதன் புரதங்களை உடைக்கும் நொதியங்களையும் நுணுகி நோக்குமிடத்து, இவ்வெண்ணம் எத்துணை ஒருதலைப்பட்சமானது என்பது புலனாகும்.

தோல், தசைநாண், கசியிழையம், என்பு ஆகியவற்றிற் கலங்கள், தாமே சுரந்த புரதங்களும் பல்சக்கரைட்டுகளும் சேர்ந்த வலையமைப்பினுட் பொதிந்துள்ளன. இவ்வலையின் தலையாய புரதம் கொலாஜன். பாலூட்டிகளின் உடற்புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இதுவே. மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்குண்டு, 300 நனோமீற்றர் நீளமும் 1.5 நனோமீற்றர் தடிப்புமுள்ள ஒரு மூலக்கூறாகின்றன. இம்முறுக்குப் பகுதியில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசீனாகும். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான அதுவே முறுக்கின் உட்புற நெருக்கத்தில் இடங்கொள்ளவல்லது. முறுக்குக் குலையாதவரை, உணவுப் புரதங்களை உடைக்கும் திரிப்சின் போன்ற நொதியங்கள் அதனை வெட்ட இயலா.

எனினும், வாற்பேத்தை தவளையாகும்போது அதன் வால் மறைந்துவிடுகின்றது. அவ்வாலின் கொலாஜன் எங்ஙனம் அழிகின்றது? 1962ஆம் ஆண்டில் ஜெரோம் குறொஸ், சார்ள்ஸ் லப்பியேர் ஆகிய இருவரும் இதற்கு விடை கண்டனர். அவர்கள் வாலின் இழையத்தை உயிருடன் கொலாஜன் கூழின்மீது வளர்த்தனர். இழையத்தைச் சூழ்ந்த கூழ் கரைந்து தெளிந்தது. உயிருள்ள கலங்களே கொலாஜனை வெட்டும் நொதியத்தை ஆக்கி வெளியிடுகின்றன என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

கொலாஜனேசு எனப்படும் இந்நொதியத்தின் தொழிற்களத்தில் நாக அயன் ஒன்று அமைந்துள்ளது. அது நீர் மூலக்கூறொன்றின் துணையுடன் பெப்தைட்டுப் பிணைப்பை அறுக்கின்றது. ஆயின் தொழிற்களத்தின் பிளவு ஒடுங்கியது. முறுக்குண்ட மூலக்கூறு முழுமையாக அதனுட் புகாது. ஆகவே, நொதியம் முதலில் முறுக்கை ஓரிடத்தில் நெகிழ்த்திப் பின்னரே சங்கிலிகளை ஒவ்வொன்றாக வெட்டுகின்றது என 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று. வெட்டு மூலக்கூறின் முக்காற்பங்கு நீளத்தில் விழுகின்றது. விளையும் இரு துண்டுகளும் உடல் வெப்பநிலையில் முறுக்கவிழ்ந்து ஜெலற்றினாகின்றன. அதனை வேறு நொதியங்கள் எளிதில் உடைத்துவிடுகின்றன.

இத்தகைய ஆற்றல் கட்டற்றுச் செயற்பட்டால் உடல் நிலைகுலையும். எனவே நொதியம் செயலற்ற முன்னோடியாகவே ஆக்கப்படுகின்றது. அதன் முன்பகுதியிலுள்ள சிஸ்டீன் நாக அயனைப் பற்றித் தொழிற்களத்தை மூடிவைக்கின்றது. அப்பிடி விடுபட்ட பின்னரே நொதியம் செயற்படும். அதன்மேலும், இழையங்களிலுள்ள தடைப்புரதங்கள் செயற்படும் நொதியத்துடன் இணைந்து அதனை அடக்குகின்றன. புண் ஆறுதல், என்பு புதுப்பிக்கப்படுதல், கரு வளர்தல் யாவும் இச்சமநிலையிலேயே தங்கியுள்ளன. அது பிறழும்போது மூட்டுவாதத்திற் கசியிழையம் அரிக்கப்படுகின்றது. முரசுநோயிற் பல்லின் பற்று தளர்கின்றது. புற்றுநோய்க் கலங்கள் பரவ வழி பிறக்கின்றது.

1990களில் மருந்து நிறுவனங்கள் இந்நொதியக் குடும்பத்தை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் மருந்துகளைப் புற்றுநோயாளரிடம் பரிசோதித்தன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. நோயாளர் பலர் தசை, மூட்டு வலிகளுக்கு ஆளாயினர். நோய் முற்றிய நிலையில் மருந்து கொடுக்கப்பட்டமை இதற்கு ஒரு காரணம். இக்குடும்பத்தின் சில நொதியங்கள் புற்றுநோய்க்கு எதிராகவே செயற்படுகின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது. சிதைப்பது யாவும் பகை எனக் கொண்ட இயந்திரப்பாங்கான நோக்கிற்கு நோயாளரே விலை கொடுத்தனர் என்பது எமது கருத்து.

புரதப் பொருள்கள் சூழலுடன் இடையறாது நிகழ்த்தும் பரிமாற்றமே உயிரின் இருப்பு என ஏங்கெல்ஸ் 1878இல் விளக்கினார். கட்டமைப்பு என்பது ஆக்கமும் சிதைவும் இணைந்த இயக்கம் என்ற வகையில் அக்கருத்து இன்றும் பயனுடையது. ஆயினும், தவளையின் வாலிலிருந்து சமுதாய மாற்றத்துக்குச் சான்று தேடுதல் தகாது. சமுதாய முரண்பாடுகளுக்கு அவற்றுக்கேயுரிய விதிகள் உள. அவை மனிதரின் உழைப்பிலும் போராட்டத்திலும் உருவாவன. இயக்கவியல், விடையை முன்கூட்டியே தரும் சூத்திரமன்று. எந்த நொதியம், எந்த இழையத்தில், எந்தக் கட்டத்தில் எனக் குறிப்பாக வினவத் தூண்டும் முறையாகும்.