கேமில் ஓடும் நீர்மூழ்கியும் கடலில் ஓடும் நீர்மூழ்கியும்: வகுப்பறைக்கு ஒரு விளக்கம்



சில மாதங்களுக்கு முன்பு ஆறாம் ஆண்டு வகுப்பில் ‘எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எப்போதும் நான்கு வரியோடு நிறுத்திக்கொள்ளும் ஒரு பையன் அன்றும் நான்கு வரிதான் எழுதினான். அண்ணனுடைய கணினியில் நீர்மூழ்கிக் கப்பல் கேம் விளையாடுவானாம். அவ்வளவுதான் கட்டுரை.

ஓய்வு நேரத்தில், “அது என்னப்பா கேம்?” என்று கேட்டேன். பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். பாதி ஆங்கிலம், கொஞ்சம் மலாய், மிச்சம் தமிழ். நடுவில் ஒரு கேள்வியும் கேட்டான்: “டீச்சர், அணு நீர்மூழ்கின்னா உள்ள அணுகுண்டு இருக்குமா? வெடிச்சா நம்ம கடல் என்ன ஆகும்?”

“நாளைக்குச் சொல்றேன்” என்று தப்பித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்கிறேன். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவன் கண்டிப்பாக இருப்பான்.

எந்தக் கேம், எந்தக் கப்பல்?

அவன் சொன்ன கேம் ‘கோல்ட் வாட்டர்ஸ்’. 2017இல் வந்தது. அதில் ஒரு போர்க்களம் நம் வாசலில் இருக்கும் தென்சீனக் கடல்தான். அங்கே விளையாடுபவர் கையில் கிடைப்பது அமெரிக்காவின் ‘சீவுல்ஃப்’ வகை நீர்மூழ்கி.

சீவுல்ஃப் கற்பனைக் கப்பல் இல்லை. சோவியத் நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. 29 கட்டுவதாகத் திட்டம். ஆனால் பனிப்போர் முடிந்தது, செலவும் எகிறியது. கடைசியில் மூன்று மட்டுமே கட்டினார்கள். முதல் கப்பல் 1997இல் கடற்படையில் சேர்ந்தது. அடுத்தது ‘கனெக்டிகட்’, 1998இல். மூன்றாவது ‘ஜிம்மி கார்ட்டர்’, 2005இல். முதல் இரண்டும் சுமார் 108 மீட்டர் நீளம். பள்ளித் திடலில் 100 மீட்டர் ஓட்டப்பாதையை நினைத்துக்கொள்ளச் சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

‘அணு’ எங்கே இருக்கிறது?

மாணவர்கள் மட்டுமல்ல, நாமும் குழம்பும் இடம் இது. ‘அணுசக்தி நீர்மூழ்கி’ என்றால் அணுசக்தியில் ஓடும் கப்பல். அணுகுண்டு ஏந்திய கப்பல் என்று பொருளில்லை. அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமப்பதற்கென்றே அமெரிக்காவிடம் ‘ஒஹையோ’ வகை தனியாக உண்டு. சீவுல்ஃப் போன்ற தாக்குதல் நீர்மூழ்கியின் முக்கிய வேலை, எதிரிக் கப்பலையும் நீர்மூழ்கியையும் தேடிப் பிடிப்பது.

சரி, அந்தச் சக்தி எப்படி வேலை செய்கிறது? பாத்தீங்கன்னா, அடிப்படையில் ஒரு பெரிய கெண்டிதான். அணு உலைக்குள் யுரேனிய அணுக்கரு பிளக்கும்போது வெப்பம் வருகிறது. அந்த வெப்பம் தண்ணீரை நீராவியாக்குகிறது. நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலி கப்பலையும் ஓட்டுகிறது, மின்சாரமும் தருகிறது. இதில் எரிப்பது என்பதே இல்லை. எனவே காற்று தேவையில்லை.

இங்கே நம் நாட்டை ஒப்பிட்டுக் காட்டலாம். மலேசியாவின் ‘துங்கு அப்துல் ரஹ்மான்’, ‘துன் ரசாக்’ ஆகிய இரண்டு நீர்மூழ்கிகளும் டீசலும் மின்கலமும் கொண்டு ஓடுபவை. மின்கலம் தீர்ந்தால் மேற்பரப்பை ஒட்டி வந்து, குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் இயந்திரத்தை ஓட்டி மறுபடி மின்னேற்ற வேண்டும். சிங்கப்பூரின் ‘இன்வின்சிபல்’ வகையும் அணுசக்தியில் ஓடுவதில்லை. அணு நீர்மூழ்கிக்கோ இந்தத் தொல்லை கிடையாது. கடல்நீரிலிருந்தே குடிநீர் எடுக்கும். தண்ணீரை மின்னாற்பகுத்து மூச்சுக்காற்றும் தயாரிக்கும். அது கரைக்குத் திரும்புவதற்கு முக்கியக் காரணம் உள்ளே இருப்பவர்களின் சாப்பாடு தீர்ந்துபோவதுதான்!

அவனுடைய இரண்டாவது கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். அணு உலை அணுகுண்டைப் போல வெடிக்கும்படி அமைக்கப்படுவதில்லை. ஆனால் உலை சேதமடைந்தால் கதிரியக்கம் கசியும் ஆபத்து உண்டு. “ஒன்னும் ஆகாது” என்று மழுப்பாமல் இரண்டையும் சொல்வதே நேர்மை.

கண் இல்லை, காதுதான்

கேமில் கப்பலை வெளியிலிருந்து பார்க்கலாம். நீலத் தண்ணீர், சீறிப்போகும் டார்பிடோ, எல்லாம் தெரியும். நிஜத்தில் இந்தக் கப்பலுக்கு ஜன்னலே கிடையாது. ஆழத்தில் அதற்குக் கண் இல்லை, காதுதான் எல்லாம்.

அந்தக் காதின் பெயர் சோனார். ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும்; கடல்நீரிலோ ஏறக்குறைய 1,500 மீட்டர். சோனாரை இரண்டு வகையாகப் பயன்படுத்தலாம். ஒன்று, நாமே ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்பது. இருட்டில் டார்ச் அடிப்பதுபோல. பொருள் தெரியும், நாம் நிற்கும் இடமும் ஊருக்கே தெரிந்துவிடும். இன்னொன்று, பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. நீர்மூழ்கிகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கின்றன.

அதனால் அமைதியே கவசம். வேகமாகப் போனால் சுழல்விசிறியைச் சுற்றிக் குமிழிகள் உண்டாகி உடையும். அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சீவுல்ஃபில் திறந்த சுழல்விசிறிக்குப் பதிலாக, உறைக்குள் சுழலும் நீர்த்தாரை அமைப்பு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கேமிலும் அவசரப்பட்டு வேகம் கூட்டினால் மாட்டிக்கொள்வோம். இந்த விஷயத்தில் கேம் பொய் சொல்லவில்லை. கடலில் வெப்பநிலை மாறும் அடுக்கில் ஒலி வளைந்துபோவதையும், அதன் அடியில் ஒளிந்துகொள்ளலாம் என்பதையும்கூட அது சரியாகவே காட்டுகிறது.

கேம் காட்டாதது

2021 அக்டோபர் 2. அதே சீவுல்ஃப் வகையைச் சேர்ந்த கனெக்டிகட், அதே தென்சீனக் கடலில், நீருக்கடியில் ஒரு மலையில் மோதியது. அந்த மலை கடல் வரைபடத்தில் இல்லை. 11 மாலுமிகள் காயமடைந்தனர். முன்பகுதி சேதமான கப்பல் நீரின்மேல் மிதந்தபடியே குவாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அணு உலைக்குச் சேதமில்லை. கப்பல் தலைவர் உட்பட மூவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டனர். பயணத் திட்டத்தில் காட்டிய கவனக்குறைவால் வந்த, தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று விசாரணை சொன்னது. உலகின் மிக விலையுயர்ந்த நீர்மூழ்கிகளுள் ஒன்று. அதைத் தடுத்தது எந்த எதிரியும் இல்லை, ஒரு பாறை.

அதே ஆண்டு ஏப்ரல் 21 இன்னும் துயரமானது. இந்தோனேசியாவின் ‘நங்காலா’ பாலிக்கு வடக்கே மூழ்கியது. அது அணு நீர்மூழ்கி அல்ல. 53 பேரும் இறந்தனர். மலேசியாவின் ‘மெகா பக்தி’யும் சிங்கப்பூரின் ‘ஸ்விஃப்ட் ரெஸ்கியூ’வும் உதவிக்கு விரைந்தன. ஆனாலும் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. சுமார் 840 மீட்டர் ஆழத்தில் கப்பல் மூன்று துண்டாகக் கிடந்தது.

வகுப்பில் இதைச் சொன்னபோது சத்தமே இல்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்ல வேண்டாம். “கேம் விளையாடாதே” என்று முடிக்கவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்?

1. சொல்வளம்: நீர்மூழ்கி, அணு உலை, நீராவிச் சுழலி, கதிரியக்கம், எதிரொலி, மின்கலம். பொருளை நீங்கள் சொல்லாமல், விளையாடும் மாணவனையே விளக்கச் சொல்லுங்கள்.

2. கேட்டல்: ஒருவன் கண்ணைக் கட்டி நடுவில் நிறுத்துங்கள். மற்றவர்கள் மெல்ல நடந்து நெருங்கட்டும். சத்தம் வந்த திசையை அவன் கைகாட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் சோனார் புரிந்துவிடும்.

3. எழுத்து: ‘கேமில் இருப்பது, நிஜத்தில் இருப்பது’ என்று இரண்டு பத்தி. ஒப்பிட்டு எழுதும் பயிற்சிக்கு நல்ல தலைப்பு.

மூன்றாவது பயிற்சியை அந்தப் பையனிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். சந்திப்பிழை பதினொன்று, எண்ணி வைத்திருக்கிறேன். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: ‘நான் மூழ்கினால் மறுபடியும் ஆரம்பத்தில் இருந்து விளையாடுவேன். அந்த 53 பேர் வீட்டில் அப்படி முடியாது.’

அன்று அந்தப் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட மனம் வரவில்லை. மறுநாள் அவனை அருகில் உட்காரவைத்து, இருவருமாகத் திருத்தினோம்.

உங்கள் மாணவர்கள் எந்தக் கேமைப் பற்றிப் பேசுகிறார்கள்? கேட்டுப் பாருங்கள். நமக்குத் தெரியாத ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு அவர்கள்தான் நமக்குத் தமிழில் விளக்க வேண்டியிருக்கும்.