ஊதியமும் ஊக்கமும்

மனிதன் எதற்காக உழைக்கிறான்? வயிற்றுக்காக என்று உடனே விடை கூறிவிடலாம். ஆனால், ஒரே ஊதியம் பெறும் இருவரில் ஒருவர் உள்ளம் ஒன்றி உழைக்கிறார். மற்றவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? இராமேசுவரக் கரை இதற்குச் சில சான்றுகளைத் தருகிறது.

முதலில் இளம்பருவத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்துத் தரும் வேலை, அப்துல் கலாம் என்னும் சிறுவனுக்குக் கிடைத்தது. தாமே ஈட்டிய முதற்பணம் தந்த பெருமிதத்தை அவர் பல்லாண்டுகளுக்குப் பின்னரும் தம் நூலில் நினைவுகூர்ந்தார். ‘என்னாலும் ஆகும்’ என்ற நம்பிக்கையே இளையோர்க்கு முதல் ஊக்கமாகும்.

அடுத்து, தொழிலில் கால் ஊன்றிய பருவம். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் விழுங்கியது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை அடித்துச் செல்லப்பட்டன. தீவை நாட்டோடு இணைத்திருந்த பாலம் அந்நாளில் அது ஒன்றே. ஆறு திங்களில் அதனைச் சீர்செய்ய ரயில்வே திட்டமிட்டது. மேலதிகாரி அதனை மூன்று திங்களாகச் சுருக்கினார். பொறுப்பேற்ற பொறியாளர் ஸ்ரீதரனுக்கு வயது 32. கடலடியில் கிடந்த தூலங்களைக் கண்டறிய மீனவரின் அனுபவ அறிவு துணைநின்றது. 46 நாளில் பாலம் எழுந்தது. அவருக்கு 1,000 ரூபாய் பரிசு கிடைத்தது. பரிசு பின்னர் வந்தது. பொறுப்பும், அதனை நிறைவேற்றும் உரிமையும் முன்னரே வந்தன என்பதைக் கருதுக.

முதுமையில் ஊக்கம் குன்றுமோ? அதே ஸ்ரீதரன் 1990இல் ஓய்வு பெற்ற பின்னரே கொங்கண் ரயில் பாதையையும், தொடர்ந்து டில்லி மெட்ரோவையும் உருவாக்கும் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். கலாம், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவரிடையே உரையாற்றுகையிலேயே தம் 83ஆம் வயதில் மறைந்தார். பதவி உயர்வு முடிந்துவிட்ட பருவத்தில், கற்றதைப் பயன்படுத்துவதும் அடுத்த தலைமுறைக்கு வழங்குவதுமே பலரை இயக்குகின்றன.

அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்ஸ்பர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்கிறது. ஊதியமும் பணிச்சூழலும் குறைந்தால் மனக்குறை எழும். ஆயினும் அவை நிறைந்த மாத்திரத்தில் ஊக்கம் பிறந்துவிடாது. சாதனை, பாராட்டு, பொறுப்பு ஆகியவையே அதனைத் தருகின்றன என்றார் அவர். இதனைச் சாக்காகக் கொண்டு கூலியைக் குறைப்பது அறமாகாது. பசித்தவனிடம் பாராட்டு செல்லுபடியாகாது.

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே உண்டு. தகுதியறிந்து பணியை ஒப்படைப்பதே அதன் பொருள். மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் பலர் பிறரிடம் வேலை வாங்கும் நிலைக்கு வருவீர்கள். அப்போது இளையவருக்கு வாய்ப்பையும், நடுவயதினருக்குப் பொறுப்பையும், மூத்தோருக்கு மதிப்பையும் அளியுங்கள். நியாயமான ஊதியத்தை எல்லோருக்கும் அளியுங்கள்.