வாலிபருக்கு முதல் வயல்

படிப்பை முடித்த வாலிபர்கள் விவசாயத்தை விட்டு நகரங்களை நாடுகிறார்கள் என்னும் குறை, கிராமத்துப் பெரியோர் கூடுமிடங்களிலெல்லாம் கேட்கப்படுகிறது. சேற்றில் கால் வைக்க அவர்களுக்கு மனமில்லை என்பதே இதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம். இது ஓரளவே உண்மை. மனமிருந்தும், தம் பொறுப்பில் சாகுபடி செய்ய ஒரு வயலின்றி, தகப்பனார் நிலத்தில் கூலியில்லாத ஆளாகச் சில வருஷங்கள் உழைத்து, பின் சலித்து வெளியேறுகிறவர்களும் அநேகர். ஆதலால் விவசாயத்தில் புதிதாகப் பிரவேசிக்கும் வாலிபருக்கு முதலாவது வேண்டுவது யாது, அதனை அளிக்கக் கூடியவர் யாவர் என்பதை இங்கு விளக்குவோம்.

அறிவு கிடையாமையால் அவர் தடைப்படுகிறார் என்று சொல்வதற்கில்லை. 1868-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி, 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. விவசாயிகளுக்கும் வாலிபர்களுக்கும் செய்முறைப் பயிற்சி அளிக்கும் வேளாண்மை அறிவியல் நிலையங்களில் இந்தியாவிலேயே முதலாவது, 1974-இல் புதுச்சேரியில் ஏற்பட்டது. கற்க விரும்புவோர் கற்கலாம். கற்றதைச் செய்து பார்க்க வயல் வேண்டும். அந்த வயலில் என்ன விதைப்பது, எப்போது விற்பது என்று முடிவு செய்யும் உரிமையும் வேண்டும். இவ்விரண்டையும் எந்தப் பள்ளியும் கொடுக்க இயலாது. நிலமுடைய பெரியோரே கொடுக்கவேண்டும்.

பதிவேட்டில் பெயர்

நமது கிராமங்கள் பலவற்றில் பாட்டனார் காலஞ்சென்று பல வருஷங்களாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. சகோதரர்கள் வாய்மொழியாகப் பங்கிட்டு உழுது வருகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 2015–16 விவசாயக் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 85 செண்டு. இவ்வளவு சிறிய நிலத்தைப் பிரிப்பானேன் என்று பெரியோர் எண்ணுவது இயல்பே. ஆனால் அதன் பலன் முழுவதையும் வாலிபரே அனுபவிக்க நேரிடுகிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட இவையே ஆதாரம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்தவேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்தில் நூற்றுக்கு 2-க்கும் ராபிப் பருவத்தில் நூற்றுக்கு ஒன்றரைக்கும் மேற்படாது என்று வரையறுக்கப்பட்டது. இந்தச் சகாயத்தைப் பெறவும் அடங்கல் அவசியம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது கீழ்க்கோடி ஜில்லாக்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அத்தகைய காலங்களில் எவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதோ அவருடைய நஷ்டமே எளிதில் கணக்கில் ஏறும். வயலில் நின்றவர் ஒருவர், பதிவேட்டில் உள்ளவர் வேறொருவர் என்றால், வயலில் நின்றவர் அலைய நேரிடும்.

எழுதிக் கொடுக்கும் வழிகள்

இதற்கு மூன்று வழிகள் உண்டு. குடும்பத்தார் யாவரும் சம்மதித்தால் பாகப்பிரிவினை செய்துகொள்ளலாம். ஒரு வயலை மட்டும் கொடுக்க விரும்பினால் செட்டில்மெண்டு அல்லது தானப் பத்திரம் எழுதலாம். தானத்துக்கு இரண்டு சாட்சிகளும் பதிவும் அவசியம். உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோர் குத்தகைப் பத்திரம் எழுதலாம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தல் வேண்டும்.

நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு முதுமையில் பிள்ளையிடம் கையேந்த நேருமோ என்னும் அச்சம் பெரியோருக்கு உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. அதற்கும் பரிகாரம் இருக்கிறது. தம் ஆயுட்காலம் வரையில் விளைவில் இன்ன பங்கு தமக்குரியது என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பெற்றோரைப் பராமரிக்கவேண்டும் என்னும் நிபந்தனையையும் அதில் தெளிவாகச் சேர்க்கவேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிரிவு 23-இன்படி, தீர்ப்பாயம் அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனையை வாய்ச்சொல்லாக விட்டுவிடலாகாது.

குமாரர் என்று மட்டும் எண்ணவேண்டாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் குமாரத்திகளுக்கும் பங்குரிமை தரும் வகையில் இந்து வாரிசுரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் திருத்தப்பட்டது. விவசாயத்தில் பற்றுடைய பெண் வீட்டிலிருக்க, பற்றில்லாத பிள்ளையை வற்புறுத்தி ஏரைப் பிடிக்கச் சொல்வது குடும்பத்துக்கும் நிலத்துக்கும் நன்மையன்று.

எந்த வயல்?

கொடுக்க முன்வரும் சிலர், கடைமடையில் தண்ணீர் ஏறாத துண்டையோ, களர் பூத்த மூலையையோ கொடுத்து, "இதில் செய்து காட்டு, பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். முப்பது வருஷ அனுபவமுடையவர் திருத்த முடியாத நிலத்தைப் புதியவர் ஒரே பருவத்தில் திருத்துவார் என்று எதிர்பார்ப்பது முறையன்று. நடுத்தரமான வயல், பாசனமும் வடிகாலும் உள்ளது, வண்டிப்பாதைக்கு அருகிலிருப்பது, ஓர் ஏக்கர் அளவில் போதும். இரண்டு வருஷம் அதில் அவர் செய்வதில் தகப்பனார் குறுக்கிடலாகாது. கேட்டால் யோசனை சொல்லலாம், உத்தரவு இடவேண்டாம்.

வாலிபரும் முதல் வருஷத்திலேயே வயல் முழுவதையும் புதுமைக்கு உள்ளாக்குதல் கூடாது. பாதியில் ஊர் வழக்கப்படி செய்து, மறுபாதியில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து ஒப்பிடுவதே உத்தமம். காவிரிப் பாசனத்தில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பின்வரும் உளுந்தை உதாரணமாகக் கொள்ளலாம். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்கள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், ஏக்கருக்கு 12 கிலோ விதை தெளிக்கப்படுகிறது. பயிர் பூக்கத் தொடங்கும்போது ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும், பாதி வயலுக்கு மட்டும் நூற்றுக்கு 2 பங்கு டி.ஏ.பி. கரைசலைத் தெளிக்கவேண்டும். அரை ஏக்கருக்கு ஒவ்வொரு தடவையும் 2 கிலோ டி.ஏ.பி.-யை முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்து, தெளிவை வடித்து, 100 லிட்டராக்கி, மாலை வேளையில் அடித்தல் நலம். இரு பாதிகளையும் தனித்தனியே அறுத்து, அடித்து, எடை போட்டால், தெளித்ததற்குச் செலவு கட்டியதா இல்லையா என்பது தம் கண்ணாலேயே விளங்கும். அயலார் சொல்லைக் காட்டிலும் இந்த எடை அதிக உறுதியானது.

கணக்குப் புத்தகம்

முதல் வயலோடு ஒரு கணக்குப் புத்தகமும் தொடங்கவேண்டும். ஜூலை முதல் தேதியில் பசலி ஆரம்பமாவதால் அன்றிலிருந்து எழுதுவது வசதி. வீட்டு விதை, வீட்டு எரு, சொந்த உழைப்பு ஆகியவற்றைச் செலவில் சேர்க்காமல் விடுவதே நம்மவரின் பொதுவான குறை. முறை விளங்கும் பொருட்டு, விற்ற தொகை ரூ. 46,000, ரொக்கச் செலவு ரூ. 28,000 என்று வைத்துக்கொள்வோம். ரூ. 18,000 லாபம் என்று தோன்றும். சொந்த உழைப்பு 20 நாளுக்கு நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் ரூ. 10,000-மும், வீட்டு விதைக்கும் எருவுக்கும் ரூ. 3,000-மும் கழித்தால் மெய்யான லாபம் ரூ. 5,000 மட்டுமே. இதை அறிந்த வாலிபர் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. எந்தச் செலவைக் குறைப்பது, எந்தப் பயிரை மாற்றுவது என்று அவர் யோசிக்கத் தொடங்குவது அப்பொழுதுதான்.

கிராம அதிகாரிகளுக்கு

பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டபின், அ-பதிவேடு, அடங்கல், சிட்டா முதலிய கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. புலத்தணிக்கையின்போது வயலில் உள்ள பயிரையும், அதைச் சாகுபடி செய்பவரையும் நேரில் கண்டு உள்ளபடி எழுதினால், ஒரு வாலிபரின் பல நாள் அலைச்சல் மிச்சமாகும். காலஞ்சென்றவர் பெயரிலுள்ள பட்டாக்களைக் குறித்து வைத்து, வாரிசுகளை அழைத்துப் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்யச் சொல்வதும், உட்பிரிவு தேவையானால் நில அளவரைக் கேட்கும் வழியைக் கூறுவதும் அவர்களால் ஆகக்கூடிய பெரிய உபகாரங்கள். கடன் கெடுவும் காப்பீட்டுக் கெடுவும் நாள் குறிப்பிட்டவை. ஒரு வார தாமதம் ஒரு பருவத்தையே இழக்கச் செய்யும்.

எல்லா வாலிபரும் விவசாயத்தில் நிலைப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. இரண்டு வருஷம் தாமே செய்து பார்த்துக் கணக்கைக் கண்டபின் ஒருவர் வேறு தொழிலுக்குப் போவாராகில், அது தெளிந்து எடுத்த முடிவு. அவர்மீது குறை சொல்ல இடமில்லை. செய்து பார்க்க இடமே கொடாமல் அனுப்பிவிட்டு, பிறகு உழ ஆளில்லை என்று வருந்துவதே தவிர்க்கத் தக்கது. வருகிற பசலி தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் பட்டா எவர் பெயரில் இருக்கிறது என்று ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்களாக. ஓர் ஏக்கரைக் குறித்து, எழுத்து மூலம், விருப்பமுள்ள பிள்ளையிடமோ பெண்ணிடமோ ஒப்புவிப்பார்களாக.