தடையைத் தகர்த்த சொல்

பெருமுன்னேற்றத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் ‘பிரேக்த்ரூ’ என்பதும் ஒன்று. அறிவியலிலும் மருத்துவத்திலும் நிகழும் அரிய வெற்றிகளை இச்சொல்லால் சுட்டுவர். ஆயினும் இது வளர்ந்த இடம் ஆய்வுக்கூடம் அன்று, போர்க்களமே ஆகும்.

‘பிரேக்’ என்பது உடைத்தல். ‘த்ரூ’ என்பது ஊடுருவிச் செல்லுதல். இவ்விரு பழஞ்சொற்களும் வினைத்தொடராக நெடுங்காலம் வழங்கின. இவை இணைந்து படைத்துறைப் பெயர்ச்சொல்லாகப் பரவியது முதல் உலகப் போர்க் காலத்திலாகும். மேற்குப் போர்முனையில் சுவிட்சர்லாந்து எல்லை தொடங்கி வடகடல் வரை பதுங்குகுழிகளும் முள்வேலிகளும் நீண்டு கிடந்தன. அவ்வரணை உடைத்து மறுபுறம் செல்வதே இரு தரப்பாரின் வேட்கை. 1916 ஜூலை 1 அன்று சொம் ஆற்றுப் பகுதியில் அம்முயற்சியில் இறங்கிய பிரிட்டிஷ் படையில், அந்த ஒரே நாளில் 19,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நவம்பர் வரை போரிட்டும் அரண் முற்றிலும் உடையவில்லை. இத்துணைக் குருதியில் தோய்ந்த சொல்லே பின்னர் அறிவுத் துறைக்குள் புகுந்தது.

எனவே இச்சொல்லின் உள்ளே இரு கருத்துகள் அடங்கியுள்ளன. நெடுநாள் நின்ற தடை ஒன்று உடைய வேண்டும். உடைந்த வழியே பிறரும் செல்ல வேண்டும். பெனிசிலின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங், பூஞ்சை ஒன்று நோய்க்கிருமிகளை அழிப்பதைக் கண்டார். ஆனால் அதனைத் தூய மருந்தாகப் பிரித்தெடுப்பது அரிதாயிற்று. அத்தடையை ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் குழுவினர் தகர்த்தனர். 1941இல் அவர்கள் மருந்து கொடுத்த முதல் நோயாளி தேறிவந்தும், மருந்து தீர்ந்துபோனமையால் இறந்தார். பேரளவில் மருந்து உற்பத்தியான பின்னரே வழி எல்லார்க்கும் திறந்தது.

தமிழில் இதனை எவ்வாறு வழங்குவது? ‘உடைப்பு’ எனின் ஏரிக்கரை உடைந்த அழிவே நம் நினைவுக்கு வரும். ‘திருப்புமுனை’ திசை மாற்றத்தைக் காட்டுமேயன்றித் தடையைக் காட்டாது. ‘தடைதகர்ப்பு’ என்பது ஓரளவு பொருந்தும் என்பது நம் கருத்து.

இன்று ஆய்வின் ஒவ்வொரு சிற்றடிக்கும் இப்பெயரைச் சூட்டுகின்றனர். தீராப் பிணியுற்றோரின் குடும்பத்தார் அச்செய்தியை நம்பி ஏங்குகின்றனர். ஆதலின் அச்சொல்லைக் காணுந்தோறும், உடைந்த தடை யாது, அவ்வழியே நோயாளி இன்று செல்ல இயலுமா என நாம் வினவுதல் வேண்டும். மொழி பயில்வோர் சமுதாயத்திற்குச் செய்யத்தக்க தொண்டு இதுவேயாகும்.