கட்டடமும் நாற்காலியும்

ஈப்போ இரயில் நிலையத்தைக் கண்டு வியவாதார் இலர். வெண்ணிறக் குவிமாடங்களோடு விளங்கும் அதனை வரைந்தவர் ஏ. பி. ஹபக் என்னும் ஆங்கிலேயர். அது 1917-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இவ்வாறு கட்டடங்களுக்குத் திட்டம் வகுப்போரைக் கட்டடக் கலைஞர் என்கிறோம். அவர்தம் பணி சுவரோடும் கூரையோடும் முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதற்கு வட இந்தியாவிலுள்ள சண்டிகர் நகரம் சான்றாகும்.

1947-இல் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது, அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பகுதிக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1951-இல் அப்பணியை ஏற்றவர் லெ கொர்பூசியே. 1887-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர், இளமையில் கற்றது கடிகாரக் கூடுகளில் சித்திரம் செதுக்கும் தொழில். கட்டடக் கலையில் புகழ்பெற்ற பின்னரும் காலைப் பொழுதை ஓவியத்திற்கென ஒதுக்கி வைத்தார். சண்டிகர் உயர்நீதிமன்றத்தில் தொங்கும் பெருந்திரைகளின் சித்திரங்களும், சட்டமன்றப் பெருங்கதவின் வண்ண ஓவியமும் இவர் கைவண்ணமே.

இவருடைய உறவினர் பியேர் ஜான்னரே. இவரும் கட்டடக் கலைஞரே. சண்டிகரிலேயே பல்லாண்டு தங்கிய இவர், வீடுகளையும் பள்ளிகளையும் வரைந்ததோடு, அவற்றினுள் இடவேண்டிய நாற்காலி, மேசை, அலமாரிகளையும் வரைந்தார். யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கலைஞர்கள் இப்பணியில் துணைநின்றனர்.

அந்நாற்காலியைச் சற்று ஆராய்வோம். சட்டம் தேக்கு, எளிதில் கறையான் அரிக்காது. இருக்கையும் சாய்மானமும் பிரம்புப் பின்னல். பிரம்பு என்றதும் மாணவர் அஞ்ச வேண்டா! வெப்ப நாட்டில் முதுகுக்குக் காற்றோட்டம் தருவது அது. கால்களோ கவராயத்தை விரித்து நிறுத்தினாற்போல் அமைந்து, பாரத்தை இருபுறமும் தாங்குகின்றன. உள்ளூர்த் தச்சரே செய்யத்தக்க எளிய அமைப்பாதலின், ஆயிரக்கணக்கில் செய்து அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வழங்கினர்.

ஆண்டுகள் கடந்தன. கால் உடைந்தவையும் பின்னல் அறுந்தவையும் மொட்டை மாடிகளில் குவிந்தன. பின்னர்ப் பழைய மரமென்று மலிவாக ஏலம் போயின. வாங்கிய அயல்நாட்டு வணிகர் அவற்றைச் செப்பனிட்டு மேலை நாடுகளில் பெருவிலைக்கு விற்றனர். 2011-இல் இந்திய அரசு இவ்விற்பனையைத் தடுக்க ஆணையிட்டது. ஆயினும் போனவை போனவையே.

மாணவச் செல்வங்களே! இதில் நாம் பெறும் பாடம் இரண்டு. மாளிகை பெரிது, நாற்காலி சிறிது என்று அக்கலைஞர் எண்ணவில்லை. இரண்டுக்கும் ஒரே சிந்தனையைச் செலுத்தினர். செய்வன திருந்தச் செய்தல் என்பது இதுவே. மற்றொன்று, பொருளின் அருமையை அது கைவிட்டுப் போகுமுன் அறிய வேண்டும்.

நம் பேராக் மாநிலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. பாட்டனார் பிடித்த பால்வெட்டும் கத்தியும், பாட்டியார் சுமந்த காண்டா வாளியும் சில வீடுகளின் மூலையில் இன்னும் கிடக்கலாம். அவற்றை எடுத்துப் பாருங்கள். கத்தியின் முனை ஏன் வளைந்திருக்கிறது, வாளிக்கு ஏன் மூடி வைத்தார்கள் என்று பெரியோரிடம் கேளுங்கள். பழைய இரும்பு வாங்குவோர் வாசலுக்கு வருமுன் கேளுங்கள்.