ஓவியத்தைப் பார்த்து ஆணா, பெண்ணா சொல்ல முடியாது... ஆனா விலை மட்டும் குறையுதே, ஏன்?

2025 நவம்பர், நியூயார்க். சாத்பீஸ் ஏல நிறுவனத்தில் மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் ஓவியம் 5.47 கோடி டாலருக்கு விலைபோனது. கட்டிலில் அவர் தூங்க, கட்டிலின் மேல்கூரையில் ஒரு எலும்புக்கூடு படுத்திருக்கும். 1940-ல் வரைந்த படம். பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு ஏலத்தில் அதுவரை கிடைக்காத விலை என்று உலகம் முழுக்கச் செய்தியானது.

அதே வாரம், அதே நிறுவனம், அதே ஊர். ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட் வரைந்த ஓர் உருவப்படம் போன விலை 23.64 கோடி டாலர். நாலு மடங்குக்கும் மேல!

'ஒரு படத்தை இன்னொரு படத்தோட ஒப்பிடலாமா?' என்று நீங்கள் கேட்டால், கூடாதுதான். காலோ வேறு, கிளிம்ட் வேறு. அதனால்தான் பொருளாதார ஆய்வாளர்கள் ஒன்றிரண்டு படங்களை விட்டுவிட்டு லட்சக்கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள்.

19 லட்சம் விற்பனைகள் சொல்லும் கணக்கு

ரெனே ஆடம்ஸ், ரோமன் கிராய்சல், மார்கோ நவோனே, பாட்ரிக் ஃபெர்வைமெரன். நாலு பேருமே நிதித்துறை ஆய்வாளர்கள். 49 நாடுகளில் நடந்த சுமார் 19 லட்சம் ஓவிய ஏல விற்பனைகளை இவர்கள் அலசினார்கள். நிதி ஆய்வுகளுக்கான முன்னணி இதழ் ஒன்றில் 2021-ல் முடிவுகள் வெளியாயின. பெண்கள் வரைந்த ஓவியங்கள் சராசரியாக 42.1 சதவீதம் குறைந்த விலைக்குப் போயிருந்தன. ஆண் வரைந்த படத்துக்கு 100 ரூபாய் என்றால், பெண் வரைந்த படத்துக்கு 58 ரூபாய்கூட இல்லை.

இந்த 42.1-ஐக் கொஞ்சம் கவனமாகப் படிக்கணும். இது நேரடிச் சராசரி. படத்தின் அளவு, காலம், பாணி, ஓவியரின் புகழ் எதையும் கழிக்காத எண். கோடிக்கணக்கான டாலருக்குப் போகும் சில படங்கள் சராசரியை மேலே இழுத்துவிடும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் வரைந்தவை. அதனால் 'ஒரே மாதிரி படத்துக்கு 42 சதவீதம் குறைவு' என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால், அது தப்பு.

அப்போ ஓரவஞ்சனை இல்லையா? அங்கேதான் ஆய்வு சுவாரஸ்யமாகிறது.

'பெண்கள் வரையுறதே வேற மாதிரி' வாதம் நிக்குமா?

கலை உலகில் இந்த வாதம் ரொம்பப் பழசு. பூ, குழந்தை, வீட்டுக்காட்சி என்று வரைந்தால் விலை கம்மியாத்தான் இருக்கும் என்பார்கள். ஆய்வாளர்கள் இதையும் கணக்கில் சேர்த்தார்கள். படங்களின் தன்மையில் இருக்கக்கூடிய வித்தியாசங்களைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. எந்த நாட்டில் ஆண்-பெண் ஏற்றத்தாழ்வு அதிகமோ, அந்த நாட்டு ஏலங்களில் விலை இடைவெளியும் அதிகம். ஓவியர்களைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, அவரவர் படங்கள் எந்த நாட்டில் என்ன விலைக்குப் போயின என்று பார்த்தபோதும் இதே போக்குதான். கையும் தூரிகையும் அதேதான், விற்கிற ஊர் மட்டும்தான் மாறுது. அப்படியென்றால் கோளாறு படத்தில் இருக்க முடியாதே!

ஏஐ வரைந்த படம், போலிப் பெயர்

அடுத்து இரண்டு சோதனைகள். முதலாவதில் சில ஓவியங்களைக் காட்டி, 'வரைந்தது ஆணா, பெண்ணா?' என்று மக்களிடம் கேட்டார்கள். பதில்கள் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதிதான் சரி. காசு சுண்டிப் போட்டுப் பார்த்தாலும் அதுதான் வரும்.

இரண்டாவது இன்னும் கெட்டிக்காரத்தனம். கம்ப்யூட்டர் உருவாக்கிய படங்களுக்கு, எந்த வரிசையும் இல்லாமல் ஆண் பெயரும் பெண் பெயரும் ஒட்டினார்கள். வரைந்தது மனுஷரே இல்லை! ஆனாலும் வசதியானவர்கள், ஆர்ட் கேலரிக்குப் போய்ப் பழக்கப்பட்டவர்கள் பெண் பெயர் ஒட்டிய படங்களுக்கு மதிப்பைக் குறைத்தார்கள். ஏல அரங்கில் கை தூக்குகிற ஆட்களும் இந்த ரகம்தான் என்பதை மனசுல வச்சுக்கோங்க.

130 வருஷத்துக்கு முன்னாடியே நடந்த கூத்து

இதெல்லாம் ஆய்வுக்கூட விளையாட்டு என்று தோன்றினால், யூடித் லேஸ்டரின் கதையைக் கேளுங்க. 1609-ல் பிறந்த டச்சு ஓவியர். ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் 1633-ல் உறுப்பினர் ஆனவர், அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது லேசில் கிடைக்காத இடம். 1636-ல் இன்னொரு ஓவியரை மணந்தார். அதற்குப் பிறகு அவர் வரைந்ததாகத் தெரிய வரும் படங்கள் ரொம்பக் குறைவு. இறந்த பிறகு பெயரே மறைந்துபோனது.

படங்கள் மட்டும் மறையவில்லை. அவற்றை அதே ஊர்க்காரரான புகழ்பெற்ற ஃப்ரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவை என்று சொல்லி விற்றார்கள். அப்படி ஒரு படம் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் 4,500 பவுண்டுக்குக் கைமாறியது. பிறகு உற்றுப் பார்த்தால், படத்தில் லேஸ்டரின் அடையாளக் குறி! பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம். 'லேஸ்டர்' என்றால் வழிகாட்டும் நட்சத்திரம் என்று பொருள், அதைத்தான் கையெழுத்தாகப் போட்டிருக்கிறார்.

விவகாரம் லண்டன் நீதிமன்றம் வரை போய், 1893-ல் சமரசத்தில் முடிந்தது. விலை 3,500 பவுண்டாக இறங்கியது. படத்தில் ஒரு கோடு மாறவில்லை. ஹால்ஸ் பிரபலம், லேஸ்டரை அப்போது யாருக்கும் தெரியாது, அதனால் சரிவு முழுவதையும் பெண் என்பதன் மேல் போட முடியாதுதான். ஆனால் அவரை யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்ற கேள்வி அப்படியே நிக்குது.

பதிலின் ஒரு பகுதி கல்விக்கூடங்களில் இருக்கிறது. லண்டன் ராயல் அகாடமி 1768-ல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். உறுப்பினர்கள் கூடியிருக்கும் காட்சியை அப்போது ஓவியமாகத் தீட்டினார்கள். நிர்வாண மாடல் இருக்கும் அறை என்பதால் அந்த இருவரும் அதில் நேரில் இல்லை, சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இருக்கிறார்கள்! அவர்களுக்குப் பிறகு ஒரு பெண் முழு உறுப்பினராகத் தேர்வாக 1936 வரை ஆனது.

இந்தியாவில் என்ன நிலைமை?

இங்கே ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. அம்ரிதா ஷெர்கில் 1937-ல் வரைந்த 'கதை சொல்பவர்' ஓவியம் 2023-ல் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அன்றைக்கு எந்த இந்திய ஓவியமும் தொடாத விலை. 2025 மார்ச்சில் எம்.எஃப்.ஹுசைனின் 'கிராம யாத்திரை' சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போய் அதை முந்தும் வரை முதலிடம் ஒரு பெண்ணுக்குத்தான்.

ஆனால் ஷெர்கில் 28 வயதில் இறந்துவிட்டார். வரைந்தவை குறைவு, அவற்றில் பெரும்பகுதி டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது. தேசியக் கலைச் செல்வம் என்பதால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. சந்தைக்கு வருவதே அபூர்வம். ஓர் உச்ச நட்சத்திரத்தின் விலையை வைத்து மற்றப் பெண் ஓவியர்களின் நிலையை அளக்கக் கூடாது.

யாருக்கு நஷ்டம்?

ஏலப் பணம் ஓவியருக்குப் போவதில்லை, படத்தை வைத்திருந்தவருக்குத்தான். பிறகு ஏன் கவலை? ஏல விலையைப் பார்த்துத்தான் கேலரிகள் அடுத்த படத்துக்கு விலை வைக்கின்றன, காப்பீட்டுத் தொகையும் அதை ஒட்டியே வரும். உயிரோடு இருக்கும் ஓவியர்களில் பெண்களுக்கான ஏலச் சாதனையை 2025 மே மாதம் மர்லீன் டூமாஸ் படைத்தார், 1.36 கோடி டாலர். ஆண்களில் ஜெஃப் கூன்ஸின் முயல் சிற்பம் 2019-லேயே 9.11 கோடி டாலரைத் தொட்டுவிட்டது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவில் மறுவிற்பனைப் பங்கு என்று ஒரு உரிமை இருக்கிறது. ஓவியம் மறுபடியும் 10,000 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஓவியருக்கோ அவருடைய வாரிசுக்கோ அதில் ஒரு பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். விலை குறைவாகப் போனால் இந்தப் பங்கும் அதற்கேற்பக் குறையும்.