17,296: ஒரு நட்பு எண்ணின் வரலாறு

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். இரண்டு எண்களில், ஒன்றின் காரணிகளை அந்த எண்ணை மட்டும் நீக்கிக் கூட்டினால் மற்றது கிடைக்குமானால், மற்றதிலிருந்து அதே முறையில் முதலாவது கிடைக்குமானால், அவை நட்பு எண்கள் எனப்படும். அரபு அறிஞர்கள் இவற்றை ‘அல்-அஃதாத் அல்-முதஹாப்பா’ என்றழைத்தனர். பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தது 220, 284 என்னும் ஒரே இணையை மட்டுமே.

17,296க்கு அதனை நீக்கி 19 காரணிகள் உள்ளன. அவற்றின் கூட்டுத்தொகை 18,416. இந்த எண்ணுக்கோ 1, 2, 4, 8, 16, 1,151, 2,302, 4,604, 9,208 என ஒன்பதே காரணிகள். அவற்றைக் கூட்டினால் 17,296 மீண்டும் வந்துவிடுகிறது. 1636இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா அறிவித்த இந்த இணை, நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கி வந்தது.

ஆனால் இதற்கான விதி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் வகுக்கப்பட்டுவிட்டது. அதனை நிறுவியவர் 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா. விதி இதுதான்: 2இன் அடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்க, 16 என்று வைத்துக்கொள்வோம். அதன் மும்மடங்கில் ஒன்று குறைய 47. அதன் பாதியான 8இன் மும்மடங்கில் ஒன்று குறைய 23. 16ஐ 8ஆல் பெருக்கி, ஒன்பது மடங்காக்கி, ஒன்று குறைக்க 1,151. இம்மூன்றும் பகா எண்களாயின் நட்பு இணை பிறக்கும்: 16×23×47 = 17,296; 16×1,151 = 18,416. 4இலிருந்து தொடங்கினால் 220, 284 கிடைக்கும். 8இலிருந்து தொடங்கினால் வரும் 287, 7×41 ஆகப் பிரிவதால் விதி பயன்படாது.

ஃபெர்மாவுக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே மொரோக்கோவின் இப்னுல் பன்னாவும் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீயும் இந்த இணையைக் குறித்துள்ளனர். அல்-ஃபாரிஸீ அத்துடன் நிற்கவில்லை. தாபிதின் விதிக்குப் புதியதொரு நிரூபணம் தேடி, எண்கள் பகாக் காரணிகளாகப் பிரியும் முறையையும் காரணிகளை எண்ணிக் கூட்டும் வழிகளையும் ஆராய்ந்தார்.

இவ்விதியின் அடுத்த இணையான 93,63,584, 94,37,056 ஆகியவற்றை டெக்கார்ட் 1638இல் வெளியிட்டார். ஈரானின் முஹம்மத் பாகிர் யஸ்தீ அதனை முன்னரே கண்டிருந்தார். இன்றுவரை இவ்விதி தந்துள்ளவை இம்மூன்று இணைகளே. எல்லா நட்பு எண்களும் இதற்குள் அடங்குவதுமில்லை. 1,184, 1,210 என்னும் சிறிய இணை, 1866இல் பதினாறு வயது இத்தாலிய இளைஞர் ஒருவர் கூறும்வரை எவர் கண்ணிலும் படவில்லை.

தாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரான் நகரின் ஸாபியீ சமயத்தவர். பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் அவரது திறமையை மதித்து அரவணைத்தனர். அவர் அரபியில் எழுதியதை முஸ்லிம் அறிஞர்கள் பல தலைமுறைகள் பேணி வளர்த்தனர். ஃபெர்மாவின் பெயரால் மறைந்துபோன உரிமையை மீட்கும் நாம், தாபிதின் சமயத்தை மறைத்து அதே பிழையைச் செய்யலாகாது. உரியதை உரியவருக்கு அளிப்பதே அறிவுக்குச் செய்யும் நீதி.